விசாக் காலத்துப் பள்ளிக்கூடங்கள்

பஹ்ரைனில் இந்தியப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1950. குவைத்தில் 1959, துபாயில் 1961, ஜித்தாவில் 1969, மஸ்கட்டில் 1975. இந்த ஐந்து ஆண்டுகளையும் வளைகுடாவின் பொருளாதார வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை புலப்படும். பஹ்ரைனில் 1932இலும் குவைத்தில் 1938இலும் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. துபாயில் எண்ணெய் கிடைத்தது 1966இல்தான். ஆனால் அதற்கு முன்பே அங்கே கழிமுகத்துத் துறைமுகமும் தங்க வியாபாரமும் இருந்தன. ஓமான் 1967இல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கியது. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது அந்த நாடு முழுவதற்கும் மூன்றே பள்ளிகள் இருந்தன. சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் பெருகியது அதன் பிறகுதான். வேலை பிறந்த வரிசையிலேயே இந்தியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் தனி ஆளாக ஆண், சில ஆண்டுகள் கழித்து மனைவி, அதன் பின் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பள்ளி வயது வந்தபோது ஊரில் பாட்டி வீட்டில் விடுவதா, அங்கேயே ஒரு வழி தேடுவதா என்ற கேள்வி எழுந்தது. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

அதற்கு முன்பும் அந்த மண்ணில் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. குவைத்தின் முபாரக்கியா பள்ளி 1911இலும், துபாயின் அஹ்மதியா பள்ளி 1912இலும், பஹ்ரைனின் முஹரக்கில் ஹிதாயா பள்ளி 1919இலும் தொடங்கின. அஹ்மதியாவைக் கட்டியவர் முத்து வணிகர் ஒருவர். அன்று அந்தக் கரையின் முத்துகள் விலைபோன சந்தை பம்பாய். புழக்கத்தில் இருந்த பணம் இந்திய ரூபாய். ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து முத்துக் குளித்தலை முறித்தபோது, அந்த வருமானத்தை நம்பியிருந்த பள்ளிகளும் தள்ளாடின. அஹ்மதியா சில ஆண்டுகள் மூடியே கிடந்தது. தேரா பகுதியில் உள்ள அந்தக் கட்டடம் பிற்காலத்தில் அருங்காட்சியகமானது. நவீனப் பாடத்திட்டத்தோடு ஷார்ஜாவில் காசிமியா பள்ளி 1953இல் வந்தபோது ஆசிரியர்களை அனுப்பிக் கைகொடுத்தது குவைத். ஷார்ஜாவில் எண்ணெய் பணம் புரள்வதற்கு முன்பே அண்டை நாடு ஆசிரியர்களை அனுப்பி உதவிய இந்தக் காலம் தனியே எழுதப்பட வேண்டிய அளவுக்குப் பெரியது.

இந்தியப் பள்ளிகளின் தொடக்கம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. வணிகர்களும் வங்கி, கப்பல், எண்ணெய் கம்பெனி எழுத்தர்களும் கூடிப் பேசுவார்கள். வாடகைக்கு ஓர் அறையோ வீடோ பிடிப்பார்கள். படித்த பெண்களில் யாராவது ஒருவர் ஆசிரியராவார். பிள்ளைகள் பெருகியதும் ஆட்சியாளரிடம் நிலம் கேட்பார்கள். துபாயில் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் இந்தியப் பள்ளிக்கு இடம் கொடுத்தார். வெளிநாட்டாருக்கு நிலம் சொந்தமாக முடியாத ஊர்களில், ஆட்சியாளர் தந்த மனையில், சமூகத்தின் நன்கொடையில், லாபநோக்கமில்லாத நிறுவனமாகப் பள்ளி எழும். துபாயில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1963இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்தது.

இரண்டாவது வழி தனியார் உடைமை. கேரளத்தின் ரான்னியிலிருந்து 1959இல் துபாய்க்கு வந்த வர்க்கி தம்பதியர் இருவரும் ஆசிரியர்கள். மரியம்மா வர்க்கி 1968இல் தொடங்கிய 'அவர் ஓன் இங்கிலீஷ் ஹை ஸ்கூல்'தான் பின்னாளில் அவருடைய மகன் சன்னி வர்க்கியின் கையில் ஜெம்ஸ் எஜுகேஷன் என்ற பெருநிறுவனமாக வளர்ந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வந்த மக்கள்திரளுக்குச் சமூகப் பள்ளிகள் போதவில்லை. நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்பும் வேகத்தைவிடக் குழந்தைகள் வேகமாக வந்தார்கள். அந்த இடைவெளியில் தனியார் பள்ளி நுழைந்தது. குடியிருப்பு வீடுகளையே வகுப்பறைகளாக்கிய 'வில்லா பள்ளிகள்' அபுதாபியில் நெடுங்காலம் இருந்தன. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2010களின் முற்பகுதியில் அரசு அவற்றை ஒவ்வொன்றாக மூடி, முறையான கட்டடங்களுக்கு மாறச் சொன்னது. அந்த நடவடிக்கை சரியானதே. ஆனால் வில்லா பள்ளிகளின் குறைந்த கட்டணத்தை நம்பியிருந்த குடும்பங்கள் அதற்காகக் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சமூகப் பள்ளி என்ற எண்ணத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். கிராமத்துக்கும் பள்ளிக்கும் உள்ள உறவை ஆழமாக யோசித்தவர்களில் இங்கிலாந்தின் ஹென்றி மோரிஸ் முக்கியமானவர். கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கல்விச் செயலாளராக இருந்த அவர் 1924இல் ஒரு திட்டம் எழுதினார். கிராமத்து உயர்நிலைப் பள்ளி பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். நூலகமும் கூட்ட மண்டபமும் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். இளைஞர்கள் நகரத்துக்கு ஓடாமல் இருக்கப் பள்ளியே ஊரின் மையமாக வேண்டும் என்பது அவர் எண்ணம். சாஸ்டனில் 1930இல் முதல் 'கிராமக் கல்லூரி' திறக்கப்பட்டது. இம்பிங்டனில் 1939இல் திறந்த கட்டடத்தை வால்டர் குரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃப்ரையும் வடிவமைத்தார்கள். மோரிஸின் திட்டத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: இங்கே படிப்பவர்கள் இங்கேயே வாழ்வார்கள் என்பது.

வளைகுடாவின் இந்தியப் பள்ளி மோரிஸ் கேட்டதில் பெரும்பகுதியைச் செய்கிறது. விடுமுறை நாளில் அதன் மண்டபத்தில் பொங்கல் விழாவும் ஓணமும் நடக்கின்றன. மைதானத்தில் பெரியவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஊருக்கு வெள்ளம் வந்தால் நிவாரணம் திரட்டும் கூட்டம் அங்கேதான் கூடுகிறது. தெருவும் கோயில் திண்ணையும் டீக்கடை பெஞ்சும் இல்லாத அடுக்குமாடி வாழ்க்கையில் நான்கு குடும்பங்கள் ஒன்றையொன்று அறிவது பள்ளி வாசலில்தான். மோரிஸின் அந்த ஒரு நம்பிக்கை மட்டும் இங்கே கிடையாது. இங்கே படிப்பவர்கள் இங்கேயே இருப்பார்களா என்று பள்ளிக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. தகப்பனின் வேலை ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டு பிள்ளையின் இருக்கை. நிர்வாகம், பாடத்திட்டம், கட்டணம், மொழி என்று இந்தப் பள்ளிகளின் அமைப்பில் எதைத் தொட்டாலும் இந்த உண்மை அடியில் இருக்கும்.

நிர்வாகத்தில் தொடங்கலாம். பஹ்ரைனின் இந்தியப் பள்ளியை நடத்தும் செயற்குழுவைப் பெற்றோர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அணிகள் உருவாகும், அறிக்கைகள் வரும், கட்டண உயர்வும் பஸ் வசதியும் கணக்கு வழக்கும் விவாதமாகும், உள்ளூர் செய்தித்தாள்கள் முடிவை வெளியிடும். ஓமானில் இந்தியத் தூதரின் புரவலர் பொறுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட இந்தியப் பள்ளிகள் ஒரு பொது இயக்குநர் குழுவின்கீழ் இயங்குகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் தனி நிர்வாகக் குழு உண்டு. பொதுக் குழுவின் ஒரு பகுதியைப் பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சவூதியில் தூதரகத்தின் மேற்பார்வையில் பள்ளி நிர்வாகக் குழுக்கள் அமைகின்றன. வளைகுடாவில் வாழும் இந்தியருக்கு அந்த நாட்டின் தேர்தலில் இடமில்லை. இந்தியாவில் 2010இன் சட்டத் திருத்தம் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு வாக்காளர் பட்டியலில் இடம் கொடுத்தது. ஆனால் வாக்களிக்கச் சொந்தத் தொகுதிக்கு நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் எடுத்து வாக்களிக்க வருபவர்கள் மிகக் குறைவு. ஆகவே இருபது, முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்த பலருக்குத் தாங்கள் வாழும் மண்ணில் கிடைத்த ஒரே வாக்குச்சீட்டு பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததுதான். அந்தத் தேர்தல்களில் வரும் சூட்டையும் சச்சரவையும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிறுமையாகப் பேசுவதுண்டு. ஒரு சமூகம் தன் பொதுக் காரியத்தைத் தானே நடத்தப் பழகும் இடம் அது. பிள்ளை பள்ளியை விட்டதும் அந்த வாக்கும் போய்விடுகிறது.

இங்கிலாந்தின் கிராமப் பள்ளிக்கு மிக அருகில் வருபவை ஓமானின் சிற்றூர்ப் பள்ளிகள். மஸ்கட், சலாலா போன்ற பெரிய ஊர்களை விட்டுத் தள்ளி, ஒட்டகச் சந்தைக்குப் பெயர்போன சினாவ், பாலைவனச் சாலை மேல் கிடக்கும் தும்ரைத், கிழக்கில் ஜாலான், ஹோர்முஸ் நீரிணைக்கு மேல் மலைகளுக்கு நடுவே தனித்துக் கிடக்கும் கசப் ஆகிய ஊர்களிலும் இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையின் டாக்டர், நர்ஸ், கல்லூரி ஆசிரியர், பொறியாளர், கடை வைத்திருப்பவர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகள். தலைநகரப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பிரிவுகள் இருக்கும்போது இங்கே ஒரு வகுப்பே ஒரு கைப்பிடி மாணவர்கள்தான். இரண்டு குடும்பங்களின் ஒப்பந்தம் முடிந்தால் ஒரு வகுப்பு காலியாகும். மேல்வகுப்புகளில் விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காது. பிளஸ் டூவுக்குப் பிள்ளையைப் பெரிய ஊருக்கோ இந்தியாவுக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். கணக்குப் பார்த்தால் இப்படிப்பட்ட பள்ளி நடக்கவே கூடாது. நடப்பதற்குக் காரணம் ஓமானின் கூட்டு அமைப்பு. தனித்தனி முதலாளிகளிடம் விட்டிருந்தால் சினாவிலும் கசப்பிலும் ஒருவரும் பள்ளி திறந்திருக்க மாட்டார்கள். வளைகுடாவில் சமூகப் பள்ளி என்ற எண்ணத்தின் பெருமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

துபாயும் அபுதாபியும் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் நிலைமை வேறு. அங்கே பெரும்பான்மை இந்தியப் பள்ளிகள் தனியாருடையவை. அவற்றை ஒழுங்குபடுத்துவது அரசு. துபாயில் 2006இல் உருவான கே.எச்.டி.ஏ. என்ற ஆணையம் 2008 முதல் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து தரம் குறித்தது. கட்டணம் எவ்வளவு உயரலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. ஆய்வு அறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தவிக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இப்படி ஒரு வெளிப்படையான அறிக்கை கிடைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்.

பாடத்திட்டம் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. அதன் மேல் அந்தந்த நாட்டின் சட்டம் வைக்கும் பாடங்கள் ஏறுகின்றன: எல்லோருக்கும் அரபு, முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, அமீரகத்தில் சமூகவியலும் 2017 முதல் ஒழுக்கக் கல்வியும். காலைக் கூட்டத்தில் அமீரகத்தின் தேசிய கீதம். டிசம்பர் 2இல் அந்நாட்டின் தேசிய தினம். ஜனவரி 26இல் மூவர்ணக் கொடி. கல்வியாண்டு இந்தியாவைப் போல ஏப்ரலில் தொடங்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வெயில் தாங்காமல் நீண்ட விடுமுறை விட வேண்டும். வார விடுமுறையும் நாட்டைப் பொறுத்தது. அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறி வெள்ளியை அரை நாளாக்கியபோது பள்ளிகள் தங்கள் கால அட்டவணை முழுவதையும் மாற்றி எழுதின. மேல்வகுப்புகளில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. இடம் போதாத பள்ளிகளில் காலை, மாலை என இரண்டு ஷிப்ட். விடியுமுன் எழுந்து மஞ்சள் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போகும் பிள்ளைகளை அமீரகத்தின் எந்தக் குடியிருப்பிலும் காணலாம். பொதுத்தேர்வு நாளில் டெல்லியில் பத்தரை மணிக்குத் திறக்கும் வினாத்தாள் துபாயில் ஒன்பது மணிக்கே மேசைக்கு வந்துவிடும்.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கென்று 2010இல் சி.பி.எஸ்.இ. ஒரு சர்வதேசப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து 2017இல் கைவிட்டது. செயல்வழிக் கற்றலை நம்பிய நல்ல முயற்சிதான். ஆனால் பாதியில் ஊர் திரும்பும் பிள்ளை இந்தியாவின் வகுப்பில் அப்படியே உட்கார வேண்டும் என்பதே பெற்றோரின் முதல் தேவை. மாற்றுச் சான்றிதழை இரு நாட்டு அலுவலகங்களிலும் அத்தாட்சி பெற்று எடுத்துவரும் குடும்பத்துக்குப் புதுமையான பாடத்திட்டம் ஒரு சுமையாகத்தான் தெரிந்திருக்கும். 2024இல் துபாயிலேயே சி.பி.எஸ்.இ.க்கு அலுவலகம் அமைந்தது அந்தத் தேவையை உணர்ந்த நடவடிக்கை.

இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களில் மிகப் பலர் கணவரின் விசாவில் வந்த பெண்கள். இந்தியாவில் முதுகலையும் பி.எட்.டும் முடித்தவர்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியத்தோடு ஒப்பிட்டால் இவர்கள் பெறுவது மிகக் குறைவு. இந்தியப் பள்ளியின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் அளவில் இருப்பதற்கு இந்தப் பெண்களின் குறைந்த சம்பளமும் காரணம் என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும்.

தமிழின் இடம் வருத்தம் தருவது. கேரளம் தன் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை அமீரகத்தின் சில பள்ளிகளிலேயே நடத்துகிறது. ஒரு மாநில அரசின் பாடத்திட்டம் கடல் கடந்து நிற்பது பெரிய சாதனை. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று தமிழ்நாட்டிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வளைகுடாவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தியப் பள்ளிகளில் இரண்டாம் மொழி என்றால் பெரும்பாலும் இந்தி. சில இடங்களில் மலையாளம், பிரெஞ்சு. தமிழ் கிடைக்கும் பள்ளிகள் சிலவே. வீட்டில் தமிழ் பேசி, கடைப் பலகையில் அரபு படித்து, தேர்வில் இந்தி எழுதும் பிள்ளை அப்பாவின் ஊருக்கு வந்தால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தடுமாறுகிறது. தமிழ்ச் சங்கங்களும் தன்னார்வலர்களும் நடத்தும் வாரவிடுமுறை வகுப்புகளும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடநூல்களும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. அவ்வகுப்புகளை ஊதியமின்றி நடத்தும் பெண்கள் பாராட்டுக்கு உரியவர்கள்.

பள்ளிக்குள் வராத பிள்ளைகளைப் பேசாமல் இந்த வரலாறு முழுமையாகாது. அமீரகத்தில் குடும்பத்தை வரவழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹமோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹமோ இருக்க வேண்டும். குவைத் 2024இல் அந்த வரம்பை 800 தினாராக வைத்தது. கட்டடத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலை செய்யும் பெண் ஆகியோருக்கு இந்த வாசல் எப்போதும் மூடியே இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் பெரம்பலூரிலும் படிக்கிறார்கள். தகப்பன் தொழிலாளர் கேம்ப்பில் இருந்து பீஸ் அனுப்புகிறார். வளைகுடாவின் இந்தியப் பள்ளி, சமூகப் பள்ளியே ஆனாலும், சம்பள வரம்புக்கு மேலே உள்ளவர்களின் பள்ளிதான்.

உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும் ஓர் அரசாணையோ போரோ போதும். சவூதி அரசு 2017 ஜூலையில் வெளிநாட்டுப் பணியாளரின் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி விதித்தது. ஆண்டுதோறும் ஏறி 2020இல் அது 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவருக்கு மாதம் 1,200 ரியால். குடும்பங்கள் ஊர் திரும்பின. ஜித்தா, ரியாத், தம்மாம் இந்தியப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. குவைத்தில் 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை நுழைந்தபோது கோடை விடுமுறை. ஊருக்கு வந்திருந்தவர்கள் திரும்பவில்லை. அங்கே இருந்தவர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மானுக்கு வந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஏறினார்கள். இரண்டு மாதங்களில் 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டனர். சான்றிதழோ மதிப்பெண் அட்டையோ கையில் இல்லாத பிள்ளைகள் ஆண்டின் நடுவில் இந்தியப் பள்ளிகளின் வாசலில் நின்றார்கள். போர் முடிந்து குடும்பங்கள் திரும்பத் தொடங்கிய பிறகே குவைத்தின் இந்தியப் பள்ளிகள் மறுபடி உயிர் பெற்றன. 2020இன் கொரோனாக் காலத்தில் இதே கதை வேறு வடிவில் வந்தது. வேலை இழந்த தகப்பனோடு மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் மீட்பு விமானங்களில் பிள்ளைகளும் ஊர் வந்தார்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் இந்தப் பள்ளிகளின் மாணவர் பெரும்பாலும் அந்த நாட்டை விட்டுப் போகிறார். அமீரகத்தில் ஆண் பிள்ளைகள் 18 வயதுக்கு மேல் தகப்பனின் விசாவில் இருக்க வேண்டுமானால் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது; 2022இல்தான் வயது வரம்பு 25 ஆனது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அண்ணா பல்கலைக்கழகமும் அந்தப் பிரிவில் மாணவரைச் சேர்க்கிறது. நீட் தேர்வுக்கு 2021இல் குவைத்திலும் துபாயிலும் மையங்கள் வந்தன. ஐ.ஐ.டி. டெல்லியின் அபுதாபி வளாகம் 2024இல் இளநிலை வகுப்புகளைத் தொடங்கியது. அங்கேயே பிறந்து, படித்து, அங்கேயே பட்டமும் வாங்கும் தலைமுறையும் உருவாகிறது.

முன்னாள் மாணவர்கள் பள்ளியின் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தால் பள்ளியின் நினைவும் ஊரில் தங்கும். வளைகுடாப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் சென்னையிலும் டொராண்டோவிலும் மெல்போர்னிலும் சிதறியிருக்கிறார்கள். பழைய வாடகைக் கட்டடங்கள் இடிந்து கோபுரங்கள் எழுந்துவிட்டன. அந்தப் பள்ளிகளின் அட்மிஷன் பதிவேடுகளும் ஆண்டு மலர்களும் குழுப் புகைப்படங்களும் ஒரு பெரிய இடப்பெயர்வின் ஆவணங்கள். தகப்பன்மார்களின் வளைகுடா வாழ்க்கை தமிழில் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அங்கே படித்த பிள்ளைகளின் வாழ்க்கை மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அறுபது, எழுபதுகளில் அந்த வாடகை அறைகளில் கற்பித்த ஆசிரியைகள் முதுமையில் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். தமிழில் எழுதத் தெரியாத மாணவர்கள் எழுதத் தெரிந்தவர்களிடம் சொல்லட்டும்.